கொல்லை மரமும் உதிர்ந்த இலையும்

புரட்டாசி மாதத்தை ஒட்டி ஹைதராபாத் நகரத்தில் பதுக்கம்மா விழா நடைபெறுகிறது. பெண்கள் ஆவாரம்பூ முதலிய மலர்களைத் தட்டில் அடுக்கடுக்காக வைத்துக் கோபுரம்போல் அமைத்து, அதனைச் சுற்றிவந்து பாடுவார்கள். தென்மேற்குப் பருவமழையில் நனைந்த நகரத்து மரங்கள் அப்போது இலை அடர்ந்து, ஆண்டின் மிகப் பசுமையான தோற்றத்தில் நிற்கும். அதே வாரங்களில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறி இலைகளை உதிர்க்கத் தொடங்குகின்றன. பள்ளிப் புத்தகங்களில் 'இலையுதிர் காலம்' என்று குறிக்கப்படும் பருவம் அந்தக் குளிர் நாடுகளுக்கு உரியது. ஹைதராபாத்தின் இலையுதிர் காலமோ அதற்கு நான்கைந்து மாதங்கள் பிந்தி, மாசி பங்குனியில் வருகிறது. தெலுங்கு மக்கள் அதனைச் சிசிர ருது என்பர். தமிழ் வழக்கில் அது பின்பனிக் காலம்.

இவ்வேறுபாடு புத்தகத்தைத் திருத்துவதோடு முடிந்துவிடும் சிறு விஷயமன்று. குளிர் நாட்டில் உதிர்ந்த இலை பனியிலும் ஈரத்திலும் கிடக்கிறது. தக்காணத்திலோ அது கோடையின் வாசலில் உதிர்கிறது. அதன்பின் மூன்று நான்கு மாதங்களுக்கு மழை அரிது, வெயில் கடுமையானது, மண் வறண்டது. அந்த வேளையில் கொல்லையில் விழுந்த இலையை வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே, மரத்தின் அடிமண் ஆனி மாதத்து மழைவரை எவ்வாறு காலம் தள்ளும் என்பது அமைகிறது. பெரும்பாலான வீடுகளில் நடப்பது யாவருக்கும் தெரிந்ததே. காலையில் முற்றத்தைப் பெருக்கி, சருகை ஒரு மூலையில் குவித்து, அதற்குத் தீ வைத்துவிடுகிறார்கள். மரம் ஓராண்டு உழைத்துச் சேர்த்த பொருள் கால் மணி நேரத்தில் புகையாகிவிடுகிறது.

இலை ஏன் உதிர்கிறது?

ஹைதராபாத் தக்காணப் பீடபூமியில் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவினது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் முடியப் பெய்துவிடுகிறது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பெய்யும் மழை மிகச் சொற்பம். இத்தகைய நாட்டில் மரத்திற்கு நேரும் முதல் நெருக்கடி குளிரன்று, வறட்சியே.

இலையின் நுண்துளைகள் வழியே ஓயாமல் நீர் ஆவியாக வெளியேறிக் கொண்டிருக்கிறது. வேர் உறிஞ்சும் நீர் இச்செலவுக்குப் போதாத காலத்தில், மரம் தன் பழைய இலைகளைக் கழித்துவிடுகிறது. இச்செயல் திடீரென நிகழ்வதன்று. முதலில் இலையிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய சத்துக்களில் ஏறத்தாழப் பாதியை மரம் கிளைகளுக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைவதால் இலை மஞ்சளாகிறது. பின்னர் இலைக்காம்பின் அடியில் மெல்லிய பிரிபடலம் ஒன்று உருவாகிறது. அங்குள்ள உயிரணுக்களின் இணைப்பு தளர்ந்ததும், இலை தன் எடையாலோ காற்றாலோ கீழே விழுகிறது. அது பிரிந்த இடத்தில் தக்கை போன்ற தழும்பு உண்டாகி, காயத்தை மூடிவிடுகிறது.

எல்லா மரங்களும் ஒரே சமயத்தில் இவ்வாறு செய்வதில்லை. வேம்பும் அரசும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை உதிர்த்து, சில நாட்களிலேயே செம்பு நிறத் துளிர் விடுகின்றன. புங்கு கோடைத் தொடக்கத்தில் உதிர்த்து, உடனே புத்திலையும் பூவும் கொள்கிறது. சீத்தா மரம் கோடையில் பெரும்பாலும் வெறுங்கிளையாக நிற்கும். நாட்டு வாதுமை தன் பெரிய இலைகளைச் சிவப்பாக மாற்றி, ஆண்டுக்கு இருமுறையும் உதிர்ப்பதுண்டு. மாவும் கொய்யாவும் என்றும் பசுமையானவை. ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக இலை கழிக்கின்றன. யுகாதிப் பச்சடியில் சேரும் வேப்பம்பூ, இந்த உதிர்வுக்குப் பின் வந்த புதுக்கிளைகளில் மலர்ந்ததேயாகும். தமிழ்நாட்டில் சித்திரை முதல் நாளன்று வேப்பம்பூப் பச்சடி செய்வோரும் இதே பருவ ஒழுங்கைப் பின்பற்றுகிறார்கள்.

எரிப்பதனால் இழப்பது என்ன?

உலர்ந்த இலையின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. நைட்ரஜன் 1 சதவிகிதம் அளவில் இருக்கும். இவற்றோடு சுண்ணாம்புச் சத்து, பொட்டாசியம், மக்னீசியம் முதலியனவும் உண்டு. சுண்ணாம்புச் சத்தை மரம் இலையிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள இயலாது. ஆதலால் ஆழத்து வேர்கள் கொண்டுவந்த சுண்ணாம்பு, இலை வழியாக மேல்மண்ணுக்கு வந்து சேர்கிறது. தீ வைத்தால் கரியும் நைட்ரஜனும் பெரும்பாலும் காற்றில் கலந்துவிடும். சாம்பலில் எஞ்சும் பொட்டாசியத்தையும் சுண்ணாம்பையும் காற்றும் முதல் மழையும் அடித்துச் சென்றுவிடும்.

ஹைதராபாத்தைச் சுற்றிலும் கருங்கல் பாறை சிதைந்து உண்டான செம்மணல் கலந்த நிலம் மிகுதி. இதனைத் தெலங்கானாவில் 'சல்க்கா' என்பர். இம்மண் நீரை விரைவில் வடித்துவிடும். மட்கிய பொருள் இதில் குறைவு. இத்தகைய மண்ணுக்கு வேண்டிய பொருள் எதுவோ, அதுவே அதன்மேல் ஆண்டுதோறும் தானாக விழுகிறது, அதனையே தீக்கிரையாக்குகிறார்கள். வீட்டுத் தோட்டத்திற்கு எருவை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு, கைக்கு வந்த எருவை எரித்துவிடுவது சிக்கனம் ஆகாது.

எரிப்பதன் தீங்கு மண்ணோடு நிற்பதில்லை. சருகு நன்கு கொழுந்துவிட்டு எரியாமல் புகைந்துகொண்டே இருப்பதனால், நுண்ணிய கரித்துகளும் கார்பன் மோனாக்ஸைடும் புற்றுநோய் விளைவிக்கும் சில கரிமச் சேர்மங்களும் மிகுதியாக வெளிப்படுகின்றன. குழந்தைகளும் முதியோரும் ஆஸ்துமா உடையோரும் முதலில் பாதிக்கப்படுகிறார்கள். மரத்தடியிலேயே தீயிட்டால், பட்டையின் கீழுள்ள வளர்படலத்தின் உஷ்ணநிலை 60 டிகிரி சென்டிகிரேடை எட்டும்போது அது இறந்துபோகிறது. அன்று ஒன்றும் தெரியாது. சில மாதங்களுக்குப் பின் பட்டை வெடித்து உரியும்போதுதான் சேதம் புலப்படும்.

இக்காரணங்களால் சட்டமும் இதில் தலையிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் பிறப்பித்த ஆணையில், திறந்த வெளியில் கழிவுப் பொருளை எரிப்பதை நாடு முழுவதும் தடைசெய்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என அவ்வாணை விதித்தது. அதே ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், தோட்டக் கழிவை மற்றக் கழிவுகளோடு கலக்காமல் வீட்டு வளாகத்திலேயே தனியாகச் சேர்த்துவைக்க வேண்டும் எனக் கூறின. ஆயினும் அபராதத்தைச் சொல்லி மக்களை அச்சுறுத்துவதைவிட, சருகுக்கு வேறு பயன் உண்டு என்பதைச் செய்து காட்டுவதே களப்பணியாளருக்கு எளிய வழியாகும்.

மரத்தடி மூடாக்கு

மிக எளிய முறை, இலையை அது விழுந்த இடத்திலேயே விடுவது. நடைபாதையிலும் முற்றத்திலும் விழுந்ததைப் பெருக்கி, மரத்தின் கீழேயே பரப்பிவிடலாம். 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பினால் போதும். கிளைகளின் விளிம்பிலிருந்து மழைத்துளி சொட்டும் வட்டம் வரையில் பரப்புவது நல்லது. நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தை ஒட்டி இராமல், அவ்வட்டத்தை நோக்கியும் அதற்கு அப்பாலும் பரவியிருக்கின்றன. அடிமரத்தைச் சுற்றி 15 சென்டிமீட்டர் இடம் வெறுமையாக இருக்கவேண்டும். பட்டையோடு ஒட்டிச் சருகைக் குவித்தால், ஈரம் தங்கிப் பட்டை அழுகும், கறையானும் ஏறும்.

மே மாத நண்பகலில் தக்காணத்து வெற்றுமண்ணின் மேற்பரப்பு 50 டிகிரிக்கு மேல் சுடுவதுண்டு. சருகின் கீழுள்ள மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும். நிழலில் உள்ள மண் குளிர்ந்து இருப்பதால் ஈரம் விரைவில் ஆவியாவதில்லை; களையும் குறைகிறது. ஜூன் மாதத்தில் முதல் மழை வேகமாக அடிக்கும்போது, துளிகள் மண்ணை நேரே தாக்கி இறுகச் செய்யாமல் சருகு தடுத்துக்கொள்கிறது. மழை தொடங்கியதும் பூஞ்சைகள், பாக்டீரியாக்கள், மண்புழுக்கள், கறையான்கள் ஆகியவை அச்சருகை மண்ணோடு சேர்த்துவிடுகின்றன. கோடையில் போர்வையாக இருந்தது மழைக்காலத்தில் எருவாக மாறுகிறது.

வீட்டார் எழுப்பும் ஐயங்களும் நியாயமானவையே. சருகுக் குவியலில் தேளும் பாம்பும் தங்கும் என்பது உண்மை. ஆதலால் வாசற்படி, குளியலறைப் பக்கம், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றில் குவியல் வைத்தல் கூடாது. சருகைக் கிளறும்போது கையை நுழைக்காமல் முள்வாரியைப் பயன்படுத்தவேண்டும். கறையான் பயத்தினால் சருகை அறவே விலக்க வேண்டியதில்லை. வீட்டுச் சுவரிலிருந்தும் மர நிலைகளிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளியிருந்தால் போதும். நாட்டு வாதுமை போன்ற அகன்ற இலைகள் மழையில் குழிந்து கிடந்தால் நீர் தேங்கி, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிட இடமாகும். அவற்றை நொறுக்கிப் பரப்ப வேண்டும். கூரையிலும் மழைநீர்க் குழாய்களிலும் நிலத்தடித் தொட்டியின் மூடியருகிலும் தங்கிய இலைகளை மே மாத முடிவுக்குள் அகற்றிவிடுவது அவசியம்.

கம்போஸ்ட் குவியல்

சிறு கொல்லையில் பெருமரம் நின்றால், மூடாக்குக்குப் போக எஞ்சும் சருகு நிரம்ப இருக்கும். அதனைக் கம்போஸ்ட் உரமாக்கலாம். இக்கலையை விஞ்ஞான முறையில் வகுத்தவர்களுள் முதல்வராகக் கருதப்படும் ஆல்பர்ட் ஹோவர்ட், 1924 முதல் 1931 வரை இந்தூர் நகரத்தில் பணியாற்றியபோதுதான் 'இந்தூர் முறை'யை உருவாக்கினார். இந்தியக் குடியானவர்களின் பழக்கங்களை அவர் கூர்ந்து நோக்கி, தாவரக் கழிவையும் சாணத்தையும் மண்ணையும் அடுக்கி, இடையிடையே புரட்டிவிட்டு மூன்று மாதங்களில் உரம் எடுக்கும் வகையைக் கண்டார். 1939-இல் சி. என். ஆச்சார்யா பெங்களூரில் வகுத்த முறையில் புரட்டும் வேலை இல்லை. குழியை நிரப்பிச் சேற்றால் மூடிவிடுவார்கள். உழைப்பு குறைவு, காலம் அதிகம்.

எம்முறையாயினும் அடிப்படை ஒன்றே. மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் கரி உணவாகிறது. உடல் வளர்ச்சிக்கு நைட்ரஜன் வேண்டும். 25 முதல் 30 பங்கு கரிக்கு 1 பங்கு நைட்ரஜன் என்ற விகிதம் அவற்றிற்கு ஏற்றது. உலர்ந்த இலையில் 1 பங்கு நைட்ரஜனுக்கு 40 பங்கும் அதற்கு மேலும் கரி உள்ளது. அதனால்தான் சருகை மட்டும் குவித்துவைத்தால் பல மாதங்கள் மாறாமல் கிடக்கிறது. காய்கறித் தோல், பச்சைத் தழை, சாணம் ஆகியவற்றில் நைட்ரஜன் கூடுதல். இரண்டையும் கலந்தால் கணக்குச் சரியாகிறது. கன அளவில் மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை சமையலறைக் கழிவு என்பது வீட்டுக்குப் போதுமான கணக்காகும்.

குவியல் நீள, அகல, உயரத்தில் ஏறத்தாழ 1 மீட்டர் இருத்தல் நலம். அதனினும் சிறியதாயின் உள்ளே பிறக்கும் உஷ்ணம் தங்காமல் வெளியேறிவிடும். அடியில் குச்சிகளைப் பரப்பிக் காற்றோட்டத்திற்கு வழி செய்து, அதன்மேல் சருகும் பச்சைக் கழிவும் மாறி மாறி அடுக்கி, இடையில் ஒரு கைப்பிடி தோட்டத்து மண்ணோ பழைய எருவோ தூவவேண்டும். ஈரம் 50 முதல் 60 சதவிகிதம் இருக்கவேண்டும். ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசிய வேண்டும். ஓடையாக ஒழுகக் கூடாது. சில நாட்களில் நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி வரை சூடேறும். சூடு தணிந்ததும் வெளிப்புறம் உட்புறமாகும்படி புரட்டிவிட வேண்டும். துர்நாற்றம் வீசினால் ஈரம் மிகுந்து பிராணவாயு குறைந்துவிட்டது என்று அறியலாம். சருகைச் சேர்த்துப் புரட்டினால் சரியாகும். சூடே ஏறாவிட்டால் ஈரமோ பச்சைக் கழிவோ போதவில்லை என்பது பொருள். மாவிலை போன்ற தடித்த இலைகளை முன்னதாக நொறுக்கிச் சேர்த்தால் விரைவில் மக்கும். உரம் கருமையாகவும் உதிரியாகவும் மழைமண் வாசனையோடும் இருப்பது அது முதிர்ந்ததற்கு அறிகுறி.

இயல்பான உதிர்வா, நோயா?

2021-ஆம் ஆண்டு மழைக்காலத்தின் பிற்பகுதியில் ஹைதராபாத்திலும் தெலங்கானாவின் பிற பகுதிகளிலும் வேப்ப மரங்கள் தீயில் வாட்டியதுபோல் நுனி கருகி நின்றன. சாலையோரத்து மரமும் கொல்லை மரமும் ஒன்றுபோலவே காணப்பட்டதால் மக்கள் கலக்கமுற்றனர். ராஜேந்திர நகரிலுள்ள பேராசிரியர் ஜெயசங்கர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானிகள் ஆராய்ந்து, இது நுனிக்கருகல் நோய் என்று அறிவித்தனர். 'போமாப்சிஸ் அசாடிராக்டே' என்ற பூஞ்சை இதற்குக் காரணம். இப்பூஞ்சையைத் தனி இனமாக 1997-ஆம் ஆண்டிலேயே கர்நாடக விஞ்ஞானிகள் விவரித்திருந்தனர். தேயிலைக் கொசு எனப்படும் சாறுறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும் உடன் சேர்ந்து இளந்தளிர்களைத் துளைத்து வாடச் செய்வதால் சேதம் பெருகியது. அதற்குப் பிந்திய ஆண்டுகளிலும் இந்நோய் மழைக்காலத்தையொட்டித் தலைகாட்டியது.

கருகிய மரத்தைப் பட்டுப்போனதாக எண்ணி வெட்டிவிடுவதே இதில் நேரக்கூடிய பெருந்தவறு. நோயுற்ற மரங்களில் பல, பருவம் மாறியதும் மீண்டும் துளிர்த்தன. ஆகவே இயல்பான உதிர்வையும் நோயையும் பிரித்தறியக் களப்பணியாளர் தெரிந்திருக்கவேண்டும். அடையாளங்கள் வருமாறு:

காலம்: இயல்பான உதிர்வு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நிகழும். நுனிக்கருகல் மழை தொடங்கிய பின் தோன்றி, மழைக்கால முடிவிலும் முன்பனியிலும் மிகும்.

இலை: இயல்பான உதிர்வில் இலை மஞ்சளாகிச் சுத்தமாகப் பிரிந்து விழும். நோயில் இலை பழுப்பாகி, காய்ந்த பின்னும் கிளையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

கிளை: இயல்பான உதிர்வில் கிளை உயிருடன் இருக்கும்; மொட்டுகள் பருத்திருக்கும். நோயில் கிளை நுனியிலிருந்து அடிநோக்கிக் காய்ந்து வரும்.

ஐயமிருந்தால் கிளையின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே பச்சை தெரிந்தால் அவ்விடம் உயிருள்ளது. நுனியில் பழுப்பும் சற்றுக் கீழே பச்சையும் தெரிந்தால், பச்சைப் பகுதிக்குள் சிறிது இறங்கி, எட்டக்கூடிய கிளைகளை வெட்டி அகற்றலாம். வெட்டும் கருவியை ஒவ்வொரு மரத்திற்கும் இடையே துடைத்துச் சுத்தப்படுத்த வேண்டும். பூஞ்சைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளிக்க நேர்ந்தால், மருந்தையும் அளவையும் வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிந்தே செய்யவேண்டும். கிணறும் தொட்டியும் குழந்தைகளும் உள்ள கொல்லையில் தாமாகவே மருந்து தெளிப்பது ஆபத்து.

நோயுற்ற கிளைகளையும் இலைகளையும் மட்டும் மூடாக்காகப் பயன்படுத்தல் கூடாது. இறந்த கிளைகளில் பூஞ்சை தங்கியிருந்து அடுத்த மழையில் வித்துக்களைப் பரப்பும். அவற்றைக் கொல்லையின் ஓரத்தில் ஆழக் குழிதோண்டிப் புதைக்கலாம். இலைகளையும் மெல்லிய குச்சிகளையும் நன்கு சூடேறும் கம்போஸ்ட் குவியலின் நடுவே இட்டுப் பலமுறை புரட்டுவதும் தகும். நல்ல இலைக்கும் நோயுற்ற இலைக்கும் இவ்வேறுபாடு செய்வதே இக்கட்டுரையில் கூறிய விதிகளுள் தலையாயது.

மரத்திற்கு வேண்டிய மற்றப் பராமரிப்பு

கொல்லை மரங்களுக்கு நேரும் கேடுகளில் முக்கியமானது, அடிமரம் வரையில் சிமெண்டுத் தளம் போட்டுவிடுவதாகும். நீரும் காற்றும் புகாமல் வேர் நலிகிறது. டில்லி நகரத்தில் இவ்வாறு மூடப்பட்ட மரங்களைச் சுற்றி 1 மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்றவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. வீட்டுக்காரர்களும் அந்த அளவையேனும் மரத்திற்கு விட்டுவைக்க வேண்டும். இயலுமாயின் அதற்கு மேலும் விடலாம்.

சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை நேரத்தில் ஹைதராபாத்தில் இடியோடு கூடிய சூறைக்காற்று அடிப்பதுண்டு. பட்டுப்போன கிளைகளும் ஒன்றோடொன்று உராயும் கிளைகளும் முதலில் முறியும். இலை உதிர்ந்து கிளைகள் தெளிவாகத் தெரியும் மாசி மாதமே அவற்றைக் கண்டறிந்து வெட்டுவதற்கு ஏற்ற காலம். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற புடைப்பு ஒன்று காணப்படும். அப்புடைப்பைச் சேதப்படுத்தாமல் அதற்குச் சற்று வெளியே அறுத்தால், காயத்தை மரம் தானே மூடிக்கொள்ளும். மரத்தின் தலையை மொட்டையாக வெட்டுவது தவறு. அவ்விடத்தில் எழும் புதுக்கிளைகள் வலுவற்றவை. அடுத்த காற்றில் அவையே முறியும். மரத்தையே வெட்ட வேண்டிய நிலை வந்தால், ஆந்திரப் பிரதேசம் 2002-இல் இயற்றித் தெலங்கானாவிலும் தொடர்ந்த நீர், நிலம், மரங்கள் சட்டப்படி முன் அனுமதி பெறவேண்டும் என்பதையும் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

பள்ளியில் செய்யத்தக்க பரிசோதனைகள்

ஆசிரியர்கள் பெரிய கருவிகள் இன்றியே மாணவர்களைக் கொண்டு மூன்று பரிசோதனைகள் செய்யலாம்.

முதலாவது: ஜனவரி தொடங்கி ஏப்ரல் முடிய, பள்ளி மரம் ஒன்றின் கீழ் 1 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள பழந்துணியைத் தரைக்குச் சற்று மேலே நான்கு குச்சிகளில் கட்டிவைக்க வேண்டும். வாரம் ஒருமுறை அதில் விழுந்த இலைகளை எண்ணி, உலர்த்தி, நிறுத்துக் குறிக்க வேண்டும். தங்கள் ஊரின் இலையுதிர் காலம் எது என்பதை மாணவர்கள் புத்தகத்தைக் கேளாமல் மரத்தையே கேட்டு அறிவார்கள்.

இரண்டாவது: ஒரே அளவான இரு தட்டுகளில் ஒரே மண்ணை நிரப்பி, ஒரே அளவு நீர் ஊற்றி, ஒன்றின்மேல் மட்டும் 5 சென்டிமீட்டர் சருகு பரப்ப வேண்டும். இரண்டையும் வெயிலில் வைத்து, நாள்தோறும் எடை பார்த்தால் எதில் நீர் விரைவாகக் குறைகிறது என்பது தெரியும். வெப்பமானி இருப்பின் மண்ணின் சூட்டையும் அளக்கலாம்.

மூன்றாவது: கொசுவலைத் துணியில் சிறு பைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் 50 கிராம் உலர்ந்த இலை இட்டு, சிலவற்றில் வேப்பிலையும் சிலவற்றில் மாவிலையும் வைத்து, ஜூன் மாதத்தில் மரத்தடி மண்ணில் மேலாகப் புதைக்க வேண்டும். மாதந்தோறும் ஒவ்வொரு வகையிலும் ஒரு பையை எடுத்து, மண்ணைத் தட்டி, உலர்த்தி நிறுத்தால், எந்த இலை விரைவில் மக்குகிறது என்பதை வரைபடமாகவே வரைந்துவிடலாம். மென்மையான இலைக்கும் தோல்போன்ற இலைக்கும் உள்ள வேறுபாடு அதில் தெளிவாகும்.

நட்டதைக் காத்தல்

நம் நாட்டில் 1950-ஆம் ஆண்டு முதல் வன மகோத்சவம் கொண்டாடப்பட்டு வருகிறது. தெலங்கானாவில் 2015-இல் 'ஹரித ஹாரம்' என்ற மரநடுகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை ஸ்தாபனமும் அமெரிக்காவின் ஆர்பர் டே அறக்கட்டளையும் சேர்ந்து வழங்கும் 'உலக மரநகரம்' என்ற சிறப்பு, 2020-ஆம் ஆண்டுக்கு ஹைதராபாத்துக்குக் கிடைத்தது. நட்ட கன்றுகளை எண்ணுவது எளிது. நின்ற மரத்தை ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு காப்பது கடினம். அதற்கு விழா இல்லை.

ஹைதராபாத் அப்சல்கஞ்சில், உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் ஒரு பழம் புளியமரம் நிற்கிறது. 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி ஆறு பெருகி நகரத்தில் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுசென்றபோது, அம்மரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் தப்பினர் என்று நகர வரலாறு கூறுகிறது. வெள்ளத்தை எதிர்த்து நின்ற வேர்கள் ஒரு நாளில் உண்டானவையல்ல. ஆண்டுதோறும் உதிர்ந்த சிறு இலைகள் மக்கிய மண்ணில் தலைமுறை தலைமுறையாக ஊன்றியவை அவை.

அடுத்த மாசியில் கொல்லை வேம்பு இலை உதிர்க்கும்போது வீட்டார் துடைப்பத்தை எடுப்பார்கள். அச்சருகு தெருவோரத்துத் தீக்குச் செல்லாமல் மரத்தடிக்கே திரும்புமாறு ஒவ்வோர் ஊரிலும் சில வீடுகளையேனும் பழக்கிவிட்டால், களப்பணியாளரும் ஆசிரியரும் தம் கடமையைச் செய்தவராவர். மற்றதை ஆனி மாதத்து மழை பார்த்துக்கொள்ளும்.